மரத்துக்குப் பிணை நின்றவள்

என் கணவர் ஸ்ரீதரனுக்குக் கைராசி இல்லை. நான் சொன்னால் இது பெண்டாட்டியின் வாய்க்கொழுப்பு என்று நினைப்பீர்கள். ஹம்பேர்க்கில் எங்களைத் தெரிந்த எந்தத் தமிழரையும் கேட்டுப் பாருங்கள். அவர் வைத்த முருங்கை முதல் பனிக்கே கறுத்துப்போனது. கறிவேப்பிலையை வீட்டுக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளை போலப் பார்த்தார்; அது ஒரு கிழமையில் மொட்டையாய் நின்றது. வாழைக்கு என்னுடைய நல்ல குளிர்ச்சட்டையை எடுத்துப் போர்த்திவிட்டார். வாழையும் செத்தது, சட்டையும் போனது.

நாங்கள் நகரத்தின் தெற்கு ஓரத்தில், வரிசை வீடொன்றில் இருக்கிறோம். எங்களுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி நவரத்தினம் அண்ணையும் அவருடைய மனைவி அன்னப்பிள்ளை அக்காவும் இருக்கிறார்கள். அவர்களுடைய தோட்டத்தில் ஒரு கண்ணாடிக் கூடாரம் உண்டு. பாகற்காய், பயற்றங்காய், கறிவேப்பிலை என்று அதற்குள் இல்லாதது இல்லை. நவரத்தினம் அண்ணையின் கைராசியைப் பற்றிக் கோயில் தேரடியில் நின்றுகூடச் சனம் கதைக்கும். நாங்கள் போகிற நேரம் அவர் ஏதாவது கன்று நட்டுக்கொண்டிருந்தால், "ஸ்ரீ, நீர் கொஞ்சம் அங்கால நில்லும். உம்மட நிழலும் இதில பட வேண்டாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனுசனும் சிரிப்பார். ஆனால் திரும்பி வரும்போது எஸ்-பான் ரயிலில் வாயே திறக்கமாட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பார்.

பார்சல் தரம் பிரிக்கிற இடத்தில் முதுகு உடைய வேலை செய்தவர். மேலதிகாரி கத்தினாலும், சம்பளம் பிந்தினாலும் கவலைப்படாத மனுசன். இந்த ஒரு விஷயம் மட்டும் அவரைக் குத்தும். "இந்த மண்ணில என்ர கையால ஒண்டு பிடிச்சுப் பூத்தால் காணும் இராஜி, பிறகு ஒருத்தரும் என்னை அங்கால நில்லெண்டு சொல்ல ஏலாது" என்பார். அதற்காகத்தான் அந்தத் தடி எங்கள் வீட்டுக்கு வந்தது.

தடி என்று சொல்வது நான்தான். அதற்கு ஜெர்மன்காரர் பனித்திவலை மரம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய தோட்டக் கடையொன்றில் அதன் கழுத்தில் தொங்கிய படத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. என்னவரைக் கவர்ந்தது படம் இல்லை, படத்துக்குக் கீழே இருந்த எழுத்து. எவ்வளவு கடும் குளிரையும் தாங்கும், பூச்சி அண்டாது, பெரிய பராமரிப்புத் தேவையில்லை என்று போட்டிருந்தது.

"இது நான் என்ன செய்தாலும் சாகாது" என்றார் சந்தோசமாக.

சாகவில்லைதான். ஒரு வருடம் பார்த்தோம், இரண்டு வருடம் பார்த்தோம். இலை விட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. ஆனால் ஒரு பூ இல்லை. இவரும் தன்னாலான எல்லாப் பணிவிடையும் செய்தார். அந்த மரத்துக்குப் புளிப்பான மண் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, குடித்த தேயிலைச் சக்கையெல்லாம் அதன் காலடிக்குப் போனது. காட்டுக்குப் போய்ப் பைன் மரத்து ஊசியிலையை மூட்டையாகக் கட்டி வந்து வேரைச் சுற்றிப் பரப்பினார். வேர் காயக் கூடாதென்று கோடையில் விடியவே வாளியோடு நிற்பார். மாசி பிறந்தால் கத்தரிக்கோலும் கையுமாகப் போய், ஊரில் முருங்கையைத் தறிப்பது போலக் கொப்புகளை அரைவாசிக்கு வெட்டிவிடுவார். "வெட்ட வெட்டத்தான் செழிக்கும்" என்பது அவருடைய வேதம். வெட்டிப்போட்டு நிமிர்ந்து, இந்த முறை பாரும், என்று எனக்குக் கை காட்டுவார். வைகாசியில் நான் பார்ப்பேன். இலை மட்டும் இருக்கும்.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அதை மறைப்பானேன். எங்கள் வீட்டில் தூள் இடிக்க மிளகாய் வறுக்க முடியாது. செத்தல் மிளகாயும் மல்லியும் தாச்சியில் விழுந்து கொஞ்சம் நிறம் மாறினாலே கூரையில் இருக்கிற புகைக்கருவி ஊரைக் கூட்டும். ஒருமுறை அது விடாமல் கத்த, பக்கத்து வீட்டு ஃபோக்ட் அம்மா தீயணைப்புப் படைக்கு ரெலிபோன் அடித்துவிட்டார். பெரிய வண்டியில் ஆறடி உயரப் பெடியள் வந்து இறங்கினார்கள். முகமூடியைக் கழற்றிப்போட்டுக் குசினிக்குள் வந்தவர்கள் தும்மித் தும்மி, கண்ணீரும் மூக்குமாய் வெளியே ஓடினார்கள். அவர்களுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் தூள் வறுப்பதென்றால் அன்னப்பிள்ளை அக்கா வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே தோட்டத்தில் கல் பதித்து, மேலே சின்னக் கூரை போட்டு, எனக்கென்று ஒரு வறுக்கிற இடம் கேட்டேன். எங்கள் வீட்டுக்கும் ஃபோக்ட் அம்மாவின் வீட்டுக்கும் புகை போகாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த இடத்தில் தடி நின்றது.

மூன்று வருடம் அடிபட்டு, போன இலையுதிர் காலத்தில்தான் மனுசன் இறங்கி வந்தார். வாற வைகாசிக்குள் பூக்காவிட்டால் பிடுங்கலாம் என்று ஒப்புக்கொண்டார். நான் அன்றைக்கே கொட்வினுக்கு ரெலிபோன் எடுத்தேன். மன்னார்ப் பெடியன், கல் பதிக்கிற தொழில் சொந்தமாகச் செய்கிறான், நல்ல வேலைகாரன். அவனிடம் டெர்மின் என்று ஒரு நாள் குறித்து எடுப்பது கண் டொக்டரிடம் எடுப்பதை விடக் கஷ்டம். வைகாசிக் கடைசியில் ஒரு நாள் தந்தான்.

தை மாதம் இவருக்கு ஹேர்னியா ஒப்பரேஷன். பாரம் தூக்கக் கூடாது, கையை உயர்த்தி எட்டி ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாசி வந்தது. மனுசன் ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, வெட்டாமல் நிற்கிற கொப்புகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நீராவது ஒருக்காப் போய் வெட்டிவிடுமன்" என்றார்.

"வைகாசியில பிடுங்கப் போற தடிக்கு இப்ப என்னத்துக்குத் தலைமயிர் வெட்டு" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

வைகாசி வந்தது. தெருவெல்லாம் பூத்துக் கொட்டியது. ஃபோக்ட் அம்மாவின் வேலியில் லைலாக் மணத்தது. குப்பைவாளிக்குப் பக்கத்தில் முளைத்த பெயர் தெரியாத பூண்டுகூட மஞ்சளாய்ப் பூத்து நின்றது. எங்கள் தடி மட்டும் ஒரு இலை இல்லாமல், விளக்குமாற்றைத் தலைகீழாய் நட்டது போல நின்றது. ஒவ்வொரு வருடமும் அது பிந்தித்தான் இலை விடும். ஆனால் இந்த முறை போயே போய்விட்டது என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிறு நவரத்தினம் அண்ணையும் அன்னப்பிள்ளை அக்காவும் எங்களிடம் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அண்ணை நேரே தடியடிக்குப் போனார். என்னவர் பின்னால் ஓடிப்போய்ச் சின்னக் கொப்பு ஒன்றை நகத்தால் சுரண்டிக் காட்டினார். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தது.

"பாருங்கோ அண்ணை, உயிர் இருக்கு."

"உயிர் இருக்குத்தான். ஆனா உம்மட கை பட்டதெல்லே, வெளியில வரப் பயப்பிடுது போல" என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு அண்ணை பகிடியாகத்தான் இன்னொன்றும் சொன்னார்: "ஊரில காய்க்காத மாமரத்துக்குச் செய்யிற மாதிரி ஒருக்கா வெருட்டிப் பாரும்."

இதைத் தெரியாத இளசுகளுக்காகச் சொல்கிறேன். ஊரில் ஒரு மரம் வருடக்கணக்காய்க் காய்க்காமல் நின்றால், ஒருவர் கோடாலியோடு போய், உன்னை வைத்திருந்து என்ன பிரயோசனம், இன்றைக்குத் தறிக்கிறேன் பார் என்று கத்துவார். வெட்ட ஓங்குகிற நேரம் இன்னொருவர் குறுக்கே விழுந்து, வேண்டாம், விடுங்கோ, வாற முறை காய்க்கும், அதுக்கு நான் பொறுப்பு என்று பிணை நிற்பார். அதைக் கேட்டு மரம் பயந்தோ வெட்கப்பட்டோ காய்க்கும் என்பது நம்பிக்கை. வெருட்டுவதற்கு யாரும் வருவார்கள். பிணை நிற்கத்தான் ஆள் வேண்டும்.

அவர்கள் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை. இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இராஜி, நான் வெட்டப் போறமாதிரிப் போறன். நீர் ஓடி வந்து தடுத்தால் காணும். ரெண்டு வசனம்தான்."

"எனக்குப் பொய் சொல்ல வராது. நான் வெட்டச் சொல்லித்தானே மூண்டு வருசமா நிக்கிறன்."

"மரத்துக்கு அது தெரியாதே."

"எனக்குத் தெரியும்" என்றேன், பாத்திரத்தைத் துடைத்தபடி.

எங்கள் மகள் யதுசா மேசையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வங்கியொன்றில் வேலை, தகப்பனுக்கு வாய்காட்டுவதற்கென்றே சனி ஞாயிறில் வீட்டுக்கு வருவாள். "அப்பா, அது அமெரிக்காவில இருந்து வந்த இனமாம். தமிழில வெருட்டினால் விளங்குமோ?"

இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இஞ்சதானே வளந்தது. ஜெர்மனில சொல்லட்டோ?"

"நான்கூட இஞ்சதான் வளந்தனான். தமிழில ஏசினால் எனக்கு விளங்குதுதானே."

"நீ என்ர பிள்ளை."

"அப்ப அது?"

"அதுவும்தான்" என்றுவிட்டு மனுசன் எழும்பிப் போய்விட்டார். யதுசா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை நான் கண்ட காட்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மனுசன் கோடாலியோடு தடிக்கு முன்னால் நின்று, "தேத்தண்ணிச் சாயம் குடிச்சுக் குடிச்சு என்ன செய்தனி? இண்டைக்கு உன்னை விடமாட்டன்" என்று அதட்டுகிறார். பிறகு கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி மற்றப் பக்கத்துக்கு ஓடிப்போய், குரலை மெல்லிசாக்கி, "விடுங்கோ, பாவம், வாற கிழமை பூக்கும், நான் பொறுப்பு" என்று கெஞ்சுகிறார். பிறகு திரும்ப ஓடி வந்து கோடாலியை எடுத்து, "நீர் ஆர் அதைச் சொல்ல" என்று தன்னையே கேட்கிறார். தானே வெருட்டி, தானே பிணை நின்று, இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

வேலிக்கு மேலால் ஃபோக்ட் அம்மாவின் தலை தெரிந்தது. எல்லாம் சரிதானா திரு. ஸ்ரீதரன் என்று ஜெர்மனில் கேட்டார். இவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. தமிழ்ச் சங்கத்து நாடகத்துக்குப் பழகுவதாகச் சொன்னார். ஃபோக்ட் அம்மா சந்தோசப்பட்டு, எப்போது மேடையேறுகிறது, தனக்கும் தங்கைக்கும் இரண்டு இடம் வைக்க முடியுமா என்று கேட்டார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வயிறு நோகச் சிரித்தேன்.

தடி அசையவில்லை. கொட்வினின் டெர்மின் வந்துவிட்டது.

காலையிலேயே சின்னத் தோண்டும் மெசினை இழுவையில் ஏற்றிக்கொண்டு வந்தான். பின் கேற்றால் உள்ளே இறக்கி, தோட்டத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். "அக்கா, உந்தத் தடியோ? உது ரெண்டு நிமிச வேலை. தேத்தண்ணி ஊத்தி முடிக்கிறதுக்குள்ள வேரோட வந்திரும்."

நான் தேநீர் ஊற்றப் போனேன். கோப்பையோடு திரும்பி வரும்போது என்னவர் கொட்டிலுக்குள்ளிருந்து கோடாலியோடு வெளியே வந்தார்.

"மெசின் வேண்டாம் தம்பி. நான் வைச்சது. நானே வெட்டுறன்."

"அண்ணை, ஒப்பரேஷன் செய்த உடம்பெல்லே."

"உதெல்லாம் மாறியிட்டுது. நீர் கொஞ்சம் பொறும்."

படியடியில் செருப்பைக் கழற்றினார். கோயில் வாசலில் கழற்றுவது போல இரண்டையும் சேர்த்து ஓரமாய் வைத்தார். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்து போனார். இந்த முறை அதட்டவில்லை. தண்டில் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாகத் தடவி, எந்த இடத்தில் வெட்டுவது என்று பார்த்தார்.

நான் வென்றுவிட்டேன். கேட்டது கிடைக்கிறது. கல் பதித்த இடத்தில் அடுப்பும் தாச்சியும் வைத்து, எந்தக் கருவியும் கத்தாமல், யாருடைய வீட்டுக்கும் மூட்டை தூக்காமல் நான் நிம்மதியாய் மிளகாய் வறுக்கலாம். ஆனால் எனக்குச் சந்தோசம் வரவில்லை. அந்த வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த இடத்தைத் தவிர இந்த மனுசன் எனக்கென்று எதையும் மறுத்ததில்லை. இந்த நாட்டில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒரு தடிக்குத்தான். அதையும் நான் பிடுங்கிக்கொண்டால், இனி எஸ்-பான் ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்துவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் கோடாலியை ஓங்கினார்.

"விடுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "வெட்ட வேண்டாம். பூக்கும். நான் பொறுப்பு."

கோடாலி மேலேயே நின்றது. கொட்வின் மெசினை நிறுத்தினான். இவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"மரத்துக்குக் கேக்கேல்லை இராஜி. கொஞ்சம் பலமாச் சொல்லும்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இவ்வளவு நேரமும் என்னை வைத்துக் கூத்தாடியிருக்கிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த தேநீரை முகத்தில் ஊற்றுகிற நோக்கத்தோடுதான் புல்லில் இறங்கினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மனுசனின் கண் இரண்டும் நிறைந்திருந்தது. அதை மறைக்கத்தான் பகிடி விட்டிருக்கிறார்.

பிறகு நான் என்ன செய்வது? கோப்பையைக் கீழே வைத்தேன். தண்டுக்கும் கோடாலிக்கும் நடுவில் போய் நின்றேன். எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி, அது பூக்கும் என்றும், பூக்காவிட்டால் என்னைக் கேட்கலாம் என்றும், இதன் மேல் யாரும் கை வைக்க நான் விடமாட்டேன் என்றும் தமிழில் சொன்னேன். யதுசாவின் கதை ஞாபகம் வர, எதற்கும் இருக்கட்டும் என்று ஜெர்மனிலும் சொன்னேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஃபோக்ட் அம்மா. நாடகம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் உண்மையைச் சொன்னால் கணவரை விட நீங்கள்தான் இயல்பாய் நடிக்கிறீர்கள் என்றார்.

கொட்வின் தலையைச் சொறிந்தான். "அப்ப நான் எங்கதான் அக்கா கல்லுப் பதிக்கிறது?"

கொட்டில் சுவரோடு ஒட்டிய ஒடுங்கல் இடத்தை அளந்தோம். ஒரு அடுப்பும் ஒரு பெண்ணும் நிற்கலாம், பெண் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று சொன்னான். தேநீரை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை, ஆறியிருந்தது. புதிதாய் ஊற்றிக் கொடுத்தேன்.

என் தலைவிதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பிணை நின்றவள் நான். பூக்காவிட்டால் போகப் போவது என் மானம். விடிய எழும்பி முகம் கழுவுமுன் தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பேன். இவர் நிம்மதியாய்க் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். யாரும் இல்லாத நேரம் நான் அந்தத் தடியோடு கதைக்கவும் தொடங்கிவிட்டேன். "உனக்காக ஊருக்கு முன்னால கத்திப்போட்டன். என்ர முகத்தில கரி பூசிப்போடாதை" என்பேன். தேயிலைச் சக்கையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நானே கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஒருநாள் கொப்பு நுனியில் பச்சையாய்க் கூராய் ஏதோ தெரிந்தது. பிறகு எல்லா நுனியிலும். இலையோடு இலையாய், வெளிர்பச்சை நூல் போலக் கொத்துக் கொத்தாய் இறங்கியது. அது நீண்டு, வெளுத்து, ஆனி மாத நடுவில் ஒரு விடியற்காலை நான் கதவைத் திறக்க மரம் முழுக்க வெள்ளையாய் நின்றது. வெள்ளைமா இடியப்பத்தைப் பிழிந்து பிழிந்து கொப்பில் தொங்கவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. காற்றடிக்க அத்தனையும் சேர்ந்து ஆடியது. கிட்டப் போனால் மெல்லிய இனிப்பு வாசம்.

நான் இவரை எழுப்பப் போகவில்லை. அந்த வாசலிலேயே நின்று கத்திக் குளறிவிட்டேன். என் சத்தம் கேட்டுத் திருடனாக்கும் என்று குடையோடு ஓடி வந்தவர், மரத்தைப் பார்த்ததும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் விரித்தீர்கள் என்று பிறகு கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அன்று பின்னேரத்திலிருந்து வீட்டுக்குச் சனம் வந்தபடி இருந்தது. ஃபோக்ட் அம்மா தங்கையைக் கூட்டி வந்து காட்டினார். கொட்வின் மனைவி பிள்ளைகளோடு வந்து, தான் மெசினை நேரத்துக்கு நிறுத்தியதால்தான் இதெல்லாம் என்றான். வெருட்டினதில்தான் பூத்தது என்று இவர் எல்லோருக்கும் சொன்னார். நான் பிணை நின்றதில்தான் என்று நானும் விடாமல் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நவரத்தினம் அண்ணை வந்தார். மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு பூங்கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

"ஸ்ரீ, உம்மட கையை ஒருக்காக் காட்டும்" என்றார்.

என்னவர் இரண்டு கையையும் நீட்டினார். பார்சல் தூக்கித் தூக்கி மரத்துப்போன கை. அண்ணை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ர கூடாரத்தில ஒரு புதுக் கறிவேப்பிலைக் கண்டு வந்திருக்கு. நட ஒரு நல்ல கை வேணும். வாற சனி வாரும்" என்றார். மனுசன் தலையை ஆட்டினார்.

நான் பெருமையாய்த் தேநீர் ஊற்றக் குசினிக்கு வந்தேன். பின்னாலேயே யதுசா ரெலிபோனோடு வந்தாள்.

"அம்மா, இந்த மரத்தைப் பற்றி வாசிச்சனான். இது எல்லா மரத்துக்கும் கடைசியாத்தான் இலை விடுமாம். அது அதின்ர பழக்கமாம்."

"சரி, இருக்கட்டும்."

"பூக்கிறது போன வருசம் வளந்த கொப்பிலதானாம். வெட்டுறதெண்டால் பூத்து முடிஞ்ச உடன வெட்ட வேணுமாம். மாசியில வெட்டினால் வரப்போற பூ முழுக்க அதோட போயிடுமாம்." நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அம்மா, அப்பா ஒவ்வொரு மாசியும்…"

நான் குசினிக் கதவைச் சாத்தினேன். அப்படியென்றால் பூக்க வேண்டியதையெல்லாம் அந்த மனுசன் தன் கையாலேயே வெட்டிப்போட்டு, பிறகு வைகாசி வைகாசியாய்ப் பூவுக்குக் காத்திருந்திருக்கிறார். இந்த முறை பூத்தது கோடாலியாலும் இல்லை, என் பிணையாலும் இல்லை. ஒப்பரேஷன் செய்த டொக்டர் அவருடைய கையைக் கட்டிப்போட்டதால் பூத்தது.

என் வாயில் ஒன்றும் நிற்காது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்படி ஒரு கதை அகப்பட்டால் வேறு நேரமென்றால் நான் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எல்லோருக்கும் முன்னால் அவிழ்த்துவிட்டிருப்பேன். ஜன்னலால் பார்த்தேன். மனுசன் மரத்தடியில் நின்று தன் உள்ளங்கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு உதைச் சொன்னியெண்டால் பார்" என்றேன்.

"அப்ப வாற மாசியில திரும்ப வெட்டுவாரே."

"வாற மாசியில அவரைக் கை உயர்த்த டொக்டர் விடமாட்டார்."

"எந்த டொக்டர்?"

"நான்தான்" என்றேன். அவள் ரெலிபோனைப் பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை இவர் சவரம் செய்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு எஸ்-பானில் ஏறினார். வழி முழுக்கக் கதைத்தபடி வந்தார். அண்ணையின் கூடாரத்துக்குள் கோயில் ஆட்கள் சிலரும் நின்றார்கள். அண்ணை எல்லோரையும் விலக்கி, இவரை முன்னுக்கு விட்டார். இவர் குனிந்து, குழிக்குள் கன்றை இறக்கி, மண்ணை அணைத்து, இரண்டு கையாலும் பதமாய் அமர்த்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிடிக்குமோ இராஜி?"

"பிடிக்கும்" என்றேன், ஒரு கணமும் யோசிக்காமல். எனக்குப் பொய் சொல்ல நன்றாகவே வந்தது.

எல்லோரும் தேநீருக்கு வீட்டுக்குள் போக, நான் அன்னப்பிள்ளை அக்காவைக் கூடார வாசலில் பிடித்து நிறுத்தினேன். "அக்கா, நட்டது அவராவே இருக்கட்டும். ஆனா தண்ணி ஊத்துறது, கொப்பு வெட்டுறது எல்லாம் நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. இவரை இதுக்குக் கிட்ட விட்டிடாதேங்கோ."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். நவரத்தினம் அண்ணை யாருக்கோ பாகற்கொடியைக் காட்டித் தன் கைராசியை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"உதை எனக்கு ஏன் சொல்லுறீர் பிள்ளை" என்றார் அக்கா மெதுவாக. "இதுக்குள்ள நிக்கிறதெல்லாம் ஆரின்ர கையால வளருது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீர்?"